மரப் பராமரிப்பும் குத்தகையும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அரசாங்கக் காடுகளின் பராமரிப்பு வேலை குத்தகைக்கு விடப்பட்டதைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வேலையில்லாத உள்ளூர்க்காரர்கள் பக்கத்திலேயே இருக்க, அரசாங்கப் பணத்தில் நடந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவரப்பட்டதைத் தாங்கள் கண்டித்திருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது.

என் தந்தையார் இங்கே சிங்கப்பூரில் பழைய பூங்கா, பொழுதுபோக்குத் துறையில் நாள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பல ஆண்டுகள் ஒரே வட்டாரத்துச் சாலையோர மரங்கள்தாம் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த மரத்தின் அடியில் பொந்து விழுந்திருக்கிறது, எந்த மரம் மழைக்கு மறுநாள் கொப்பைப் போடும் என்றெல்லாம் வீட்டில் சோறு உண்ணும்போது சொல்வார். இன்று அதே சாலையில் அந்த வேலையைச் செய்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்கள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் குத்தகைக்கு விடாமல் இருந்திருந்தால் அந்த வேலை இன்னும் நம்மவர்களிடம் இருந்திருக்குமா? ஒரிகனுக்குத் தாங்கள் சொன்ன நியாயத்தை நான் இங்கே சொன்னால் என்னை வெளிநாட்டு ஊழியர்களின் விரோதி என்பார்களா?

இன்னொன்றும் உண்டு. என் தங்கை மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு, மரம், செடி, புல்வெளிகளைப் பராமரிக்கும் நிலவனப்பு நிறுவனம் ஒன்றில் மரம் ஏறும் வேலைக்குச் சேர விரும்புகிறான். வீட்டில் அனைவரும் எதிர்க்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் எழுப்பும் கேள்வி நியாயமானது. ஒரிகனில் நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று தெரிந்தால்தான் இங்கே எதைத் தேடுவது என்று தெரியும்.

பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க 2009ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் ஒதுக்கிய ஊக்குவிப்பு நிதியில் ஒரு பகுதி, ஒரிகனின் கூட்டரசுக் காடுகளில் நெருக்கமாக வளர்ந்த இளமரங்களைக் கழிக்கும் வேலைக்குச் சென்றது. மாநிலத்தில் வேலையில்லாதோர் விகிதம் பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரம் அது. அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்கள், தற்காலிக வேலைகளுக்கு வெளிநாட்டவரை எடுக்க உதவும் எச்-2பி விசாவில் 254 வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டுவந்தன என்றும், 70 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நிதி அந்நிறுவனங்களுக்குப் போனது என்றும் தொழிலாளர் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2011இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இதில் கவனிக்க வேண்டியது, நிறுவனங்கள் சட்டத்தை மீறி இதைச் செய்யவில்லை என்பதே. வேலை பல மாநிலங்களில் தொடர்ந்து நடப்பதாக இருந்தால், அது தொடங்கும் மாநிலத்தில் மட்டும் விளம்பரம் செய்தால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. ஒரிகன்காரர் தம் வீட்டுக்கு அருகிலுள்ள காட்டில் வேலை இருப்பதையே அறியாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கும் முந்திய காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க வடமேற்கில் 1990இல் புள்ளி ஆந்தை பாதுகாக்கப்பட வேண்டிய பறவையாக அறிவிக்கப்பட்ட பிறகு, கூட்டரசுக் காடுகளில் மரம் வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. 1994இல் வந்த வடமேற்குக் காட்டுத் திட்டத்தோடு, மரம் வெட்டியவர்களுக்கும் அறுவை ஆலைகளில் வேலை இழந்தவர்களுக்கும் இனிக் காட்டைச் சீராக்கும் பணியில் வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியும் தரப்பட்டது. ஆனால் வனச் சேவைத் துறை அந்தப் பணியைத் துண்டு துண்டாக நறுக்கிக் குத்தகைக்கு விட்டது. நடுவதற்கு ஒரு குத்தகை, கழிப்பதற்கு ஒரு குத்தகை, கணக்கெடுக்க இன்னொன்று என்று பிரிக்கப்பட்ட வேலைகளில் பல சில வாரங்களிலேயே முடிந்துவிடுபவை. பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்கே அவை கிடைத்தன. ஓர் ஊரில் வீடும் பிள்ளை குட்டிகளும் உள்ள மனிதர் ஆண்டுக்கு ஆறு வாரம் மட்டும் கிடைக்கும் வேலையை வைத்து எப்படிப் பிழைப்பார்? குளிர்காலத்தில் தென்மாநிலங்களில் பைன் கன்று நட்டுவிட்டு, கோடையில் வடமேற்குக்கு ஆட்களை வேனில் ஏற்றிவரும் நிறுவனத்தால்தான் அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஓராண்டு வேலையாக்க முடியும். அப்படி அழைத்துவரப்பட்டவர்களும் வாழ்ந்துவிடவில்லை. அவர்களுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டதையும் அவர்கள் சந்தித்த விபத்துகளையும் 2005இல் கலிஃபோர்னிய நாளிதழ் ஒன்று தொடராக எழுதியது.

ஆகவே அங்கே உள்ளூர்க்காரரை வெளியே நிறுத்தியது குத்தகைப் பத்திரம். அதன் நீளம், அதன் அளவு, அதில் விலைக்குத் தரப்பட்ட இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து, யார் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதை ஆள் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டன. என் கட்டுரையில் நான் கண்டித்தது அதைத்தான். சிங்கப்பூரிலும் அதே இடத்தில்தான் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் இங்கே கதையின் வரிசை வேறு. 1963இல் திரு லீ குவான் இயூ ஃபாரர் சர்க்கஸில் மரக்கன்று நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1971 முதல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் வந்தது. அந்தக் காலத்தில் குழி வெட்டி, உரம் போட்டு, தண்ணீர் ஊற்றியவர்களில் உங்கள் தந்தையாரைப் போன்ற நாள் சம்பளத் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். சாலை போடுவதும் கால்வாய் துப்புரவும் புல் வெட்டுவதும் அதற்கு முன்பிருந்தே நம் ஆட்கள் செய்துவந்த வேலைகள். அவர்கள் தங்கள் பிள்ளைகள் அதே வேலைக்கு வரக்கூடாது என்று நினைத்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள், பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போனார்கள். நீங்களும் அப்படிப் போனவர்தான் என்று ஊகிக்கிறேன். வேலையில்லாதோர் விகிதம் பல ஆண்டுகளாகக் குறைவாகவே இருக்கும் ஊரில், மரம் வெட்டும் வேலையை யாரோ பறித்துக்கொண்டார்கள் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. நம் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டுத் தாங்களாகவே நகர்ந்தார்கள்.

எனினும், நகர முடியாமல் அந்த வேலையிலேயே நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நாம் பேசாமல் விடக்கூடாது. ஐம்பது வயதைத் தாண்டிய, பள்ளிப் படிப்புக் குறைந்த சிங்கப்பூரர்கள் அவர்கள். வேலை படிப்படியாகத் தனியார் நிறுவனங்களிடம் போனபோது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏலக்குத்தகை மாறியது. பழைய நிறுவனம் போய்ப் புதிய நிறுவனம் வந்தால், அதே சாலையில் அதே அரிவாளைப் பிடித்தவருக்குக்கூட அவர் வேலை பார்த்த ஆண்டுகள் கணக்கில் வராமல் போகலாம். மீண்டும் தொடக்கச் சம்பளம். துப்புரவு, காவல், நிலவனப்பு ஆகிய மூன்று துறைகளிலும் சம்பளம் நீண்ட காலம் ஏறாமல் கிடந்ததற்கு, குறைந்த விலைக்கே குத்தகை என்ற பழக்கம் முக்கியக் காரணம். விலையை மட்டும் பார்த்துக் குத்தகை கொடுக்க வேண்டாம் என்று 2008இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பின் வழிகாட்டி ஒன்று வெளியிடப்பட்டதே இந்தக் குறை அப்போதே அறியப்பட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. பிறகு 2016 ஜூன் முதல் நிலவனப்புத் துறைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. அதைக் கடைப்பிடிக்காத நிறுவனம் தேசியப் பூங்காக் கழகத்தின் பதிவேட்டில் இடம்பெற முடியாது. 2022 செப்டம்பரில், குத்தகை எடுக்காமல் தங்கள் சொந்தத் தேவைக்கே நிலவனப்பு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், அவை வெளிநாட்டு ஊழியர்களை எடுப்பவையாக இருந்தால், அது விரிவுபடுத்தப்பட்டது. இது நல்ல காரியம். தாமதமாக வந்தாலும் நல்ல காரியம்.

சம்பளத்துக்கு அடித்தளம் போட்டாயிற்று, வேலைக்கு அடித்தளம் போட்டோமா என்பதே என் கவலை. அண்மையில் அங் மோ கியோவில் தூங்குமூஞ்சி மரமொன்றின் கிளையை இறக்குவதை நின்று பார்த்தேன். கிளை நெடுகப் பறவைக்கூட்டுப் பெரணி படர்ந்திருந்தது. மழையில் ஊறினால் அதன் பாரமே கிளையை முறித்துவிடும். மேலே இருந்தவர் கயிற்றைக் கட்டிவிட்டு, முதலில் கிளையின் அடிப்புறத்தில் கொஞ்சம் அறுத்தார். அதன் பிறகே மேல்புறம் கைவைத்தார். அடியில் அறுக்காமல் மேலே மட்டும் அறுத்தால் விழும் கிளை தண்டின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போய்விடும். எஞ்சிய அடித்துண்டைக் கடைசியாக நீக்கும்போது, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டினார். அந்த வளையம் இருந்தால்தான் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். கீழே இறங்கியவரிடம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். “இங்க வந்துதாண்ணே. ஒரு பெரியவர் சொல்லிக் குடுத்தாரு. அவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. எங்க குத்தகையும் இந்த வருசத்தோட முடியுது, அப்புறம் எந்த ரோட்டுக்குப் போவோமோ தெரியாது” என்றார்.

உங்கள் தந்தையார் சோறு உண்ணும்போது சொன்ன சேதிகளை இந்த இளைஞர் யாரிடம் சொல்வார்? அவர் அந்த மரத்தை மறுபடி பார்ப்பாரா என்பதே நிச்சயமில்லை. ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். குத்தகை வந்ததால் நம் சாலையோர மரங்கள் ஆபத்தானவை ஆகிவிட்டன என்று வாதிட இடமில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஆண்டுக்கு 3,000 அளவில் இருந்த, மரமும் கிளையும் விழும் சம்பவங்கள் பிறகு சில நூறுகளாகக் குறைந்தன. தகுதிபெற்ற மரநல நிபுணர்களைக் கொண்டு மரங்களைத் தொடர்ந்து சோதிக்கும் முறையைக் கழகம் உருவாக்கியதன் பலன் அது. ஆனால் அந்த முறையில் மரத்தைப் பற்றிய அறிவு பெரும்பாலும் சோதனை செய்யும் அதிகாரியிடமும் கணினிப் பதிவிலும் சேர்கிறது. அறுக்கும் கைக்கு அன்றைய உத்தரவு மட்டுமே வருகிறது. அந்தக் காலத்தில் கூலியாகச் சேர்ந்தவர், ஆட்களை மேய்க்கும் தலைவரான மண்டோராகி, மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில் நின்று இந்த மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. வேலை ஒரு வீட்டிலும் அறிவு இன்னொரு வீட்டிலும் குடியிருக்கும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது. நம் பிள்ளைகள் இந்த வேலையை ஏறெடுத்தும் பார்க்காததற்கு வெயிலும் வியர்வையும் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. மேலே போக முடியாத வேலைக்கு எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்புவார்கள்?

அடுத்து, உங்களை விரோதி என்பார்களா என்ற கேள்வி. புதுக்கோட்டைக்காரரை அனுப்பிவிடுங்கள் என்று நீங்கள் சொன்னால் அப்படிச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கும். படிப்படியாக உயரும் சம்பள முறை சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. அவருக்கு அது இல்லை. அவரை வைத்திருக்க முதலாளி அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறார். அதனால் முதலாளியின் செலவு கூடுகிறதே தவிர அவருடைய சம்பளம் கூடுவதில்லை. ஊரில் வாங்கிய கடனை அடைக்கவே தொடக்கத்துச் சம்பளம் போய்விடுகிறது என்று சொல்லும் பலரை நான் அறிவேன். குத்தகை நீண்டதாகவும் நிலையானதாகவும் இருந்தால் முதலில் பலன் பெறுபவர்களில் அவரும் ஒருவர். குத்தகையை மாற்றுங்கள் என்று நீங்கள் கேட்டால் அது அவருக்கும் சேர்த்துக் கேட்பதுதான்.

நான் விரும்பும் மாற்றம் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. முதிர்ந்த பெருமரங்களைக் கவனிக்க, பொது அமைப்பே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிரந்தரக் குழு ஒன்று ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். புல் வெட்டுவதையும் செடி வைப்பதையும் வேண்டுமானால் குத்தகைக்கு விடட்டும். கிளை வெட்டுவதைக் குத்தகைக்குத்தான் விட வேண்டும் என்றால், அந்தக் குத்தகை ஒரு மரம் வெட்டுக்குப் பிறகு எப்படித் தேறுகிறது என்பதை அதே ஆட்கள் பார்க்கும் அளவுக்காவது நீண்டிருக்க வேண்டும். குத்தகை கைமாறும்போது, அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை அவர்களுடைய பணியாண்டுகளோடு சேர்த்து எடுத்துக்கொள்வதைப் புதிய நிறுவனத்துக்குக் கட்டாயமாக்க வேண்டும். வழிகாட்டியில் நல்லெண்ணமாகச் சொல்லி விட்டுவிடுவது போதாது. இதற்குச் செலவு கூடும், நகர மன்றக் கட்டணத்திலும் அது தெரியும். அந்தச் செலவை நாம் ஏற்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரம் நடும் இயக்கத்தில் குடும்பம் குடும்பமாகப் போய்க் கன்று நட்டோம். அந்தக் கன்றுகளுக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குக் கவாத்து பார்க்க ஆள் வேண்டும்.

உங்கள் தங்கை மகனைப் பற்றி. தடுக்காதீர்கள் என்றே சொல்வேன். ஆனால் நேர்காணலுக்குப் போகும்போது அவர் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எந்தக் குத்தகைக்காகத் தம்மை எடுக்கிறார்கள், அது எப்போது முடிகிறது, முடிந்தால் தம் நிலை என்ன என்று கேட்கட்டும். நிலவனப்பு ஊழியர், தொழில்நுட்பர், துணை மேற்பார்வையாளர், மேற்பார்வையாளர் என்ற நான்கு படிகளில் தாம் எந்தப் படியில் சேர்கிறார், அடுத்த படிக்கான பயிற்சிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். அனைத்துலக மரநலச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு எழுத, மரநலம் தொடர்பான படிப்பு இல்லாதவருக்கு மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே, எந்த மரத்தில் என்ன வேலை செய்தார் என்று தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். நிறுவனம் மாறினாலும் அந்தக் குறிப்பேடு அவருடையது. இடுப்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத் தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்.