ரோமானியக் கலை என்பது கிரேக்கர்களின் காப்பிதானா? இடையில் எட்ரஸ்கர்கள் எங்கே வருகிறார்கள்?

கேள்வி கேட்ட நண்பர் கொலோசியம் படத்தையும் ரோமை உண்டாக்கியதாகக் கதையில் வரும் ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய்ச் சிலையின் படத்தையும் போட்டு, "தூணும் சிலையும் எல்லாம் கிரேக்கம்தானே, நடுவில் எட்ரஸ்கர் என்று யாரையோ சொல்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறார்.

சிலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது பாதி சரி. கட்டடத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. ரோமானியக் கட்டடத்தின் எலும்புக்கூடு எட்ரஸ்கர்களுடையது, மேலே போட்ட சட்டை கிரேக்கர்களுடையது, உள்ளே இருக்கும் சதை மட்டும் அவர்களே கண்டது. நான் கட்டட வேலையில் இருப்பவன். இத்தாலியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது விடுமுறை கிடைத்தால் இதையெல்லாம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். அதனால் என் பதில் கட்டடத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ரோம் நகரத்துக்கு வடக்கே, டைபர் ஆற்றுக்கும் ஆர்னோ ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதி எட்ரஸ்கர்களுடைய ஊர். ரோம் வெறும் குடிசைகளாக இருந்து நகரமாக மாறிய காலத்தில் பணமும் கைத்திறனும் இவர்களிடம்தான் இருந்தன. ரோமின் கடைசி அரசர்களான டார்க்வின் வம்சமே எட்ரஸ்க வம்சம் என்றுதான் ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவர்கள் வீடும் கோயிலும் பச்சைச் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டியவர்கள். எல்லாம் கரைந்து போய்விட்டது. கல்லில் வெட்டியது பெரும்பாலும் கல்லறைகளைத்தான், அதனால் அவர்கள் வீடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் கல்லறைக்குள்தான் போக வேண்டும்.

ரோமிலிருந்து கிளம்பினால் செர்வெட்டெரி ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். அங்கே பண்டிட்டாச்சா என்ற இடத்தில் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மெத்தென்ற பாறையைக் குடைந்து, மேலே வட்டமாக மண் மேடு போட்டு, தெருத் தெருவாகக் கல்லறைகள் கட்டியிருக்கிறார்கள். குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், கூரையில் முகட்டு உத்தரமும் இருபுறமும் சரிந்து இறங்கும் கைமரங்களும் தெரியும். பாறையைக் குடைந்த அறைக்கு உத்தரம் எதற்கு? தேவையே இல்லை. வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டிலும் பாறைதான், தலையணையும் பாறைதான். ஆண்களுக்கான கட்டிலில் கடைந்த கால்கள் போலச் செதுக்கியிருக்கும். பெண்களுக்கானதில் இரு முனையிலும் வீட்டு முகடு போல முக்கோணம் நிற்கும்.

இதில் 'புடைப்புச் சிற்பக் கல்லறை' என்று ஒன்று உண்டு, 1847இல் கண்டுபிடித்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பின்பகுதியைச் சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். மடூனா என்ற குடும்பத்துடையது. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். தூணிலும் சுவரிலும் சுதையில் அந்த வீட்டுச் சாமான் முழுக்க ஆணியில் மாட்டியிருப்பது போலச் செய்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். கயிற்றுச் சுருள், கத்தி, ஜாடி, அடுப்படிச் சாமான், விளையாட்டுப் பலகை, வாத்து, ஒரு நாய் எல்லாம் இருக்கின்றன. நடுவில் உள்ள கட்டிலுக்கு முன்னால் கால் வைக்கும் சிறு பலகை, அதன் மேல் ஒரு ஜோடி செருப்பு. ரோமானியச் சக்கரவர்த்திகள் கட்டிய எந்த நினைவுச் சின்னத்திலும் இப்படி ஒரு செருப்பை நான் பார்த்ததில்லை.

தார்குவினியா என்ற இன்னொரு எட்ரஸ்க ஊரில் கல்லறைகளுக்குள் ஓவியம். ஆயிரக்கணக்கான கல்லறைகளில் 200 அளவில்தான் ஓவியம் உள்ளவை. சிறுத்தைகள் கல்லறை என்பதில் விருந்து நடக்கிறது, ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறார்கள், ஒருவர் கையில் முட்டை. அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. அவர்கள் ஊரில் குடும்பப் பெண்கள் ஆண்களின் விருந்தில் உட்காரவே மாட்டார்கள். எட்ரஸ்கப் பெண்களைப் பற்றிக் கிரேக்கர்கள் எழுதி வைத்த வம்பெல்லாம் இதிலிருந்து கிளம்பியதுதான்.

அதையே சுடுமண்ணில் பார்க்க வேண்டுமானால் ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 'தம்பதியர் ஈமப்பேழை' அங்கே இருக்கிறது. செர்வெட்டெரியில் சுமார் 400 துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டியது, கி.மு. 520 வாக்கில் செய்தது. கணவன் மனைவியின் தோளில் கையைப் போட்டுச் சாய்ந்திருக்கிறான். அவள் தலையில் குல்லா, காலில் முனை வளைந்த செருப்பு. இருவர் விரல்களும் எதையோ பிடித்திருந்த மாதிரி மடங்கியிருக்கின்றன. பிடித்திருந்த பொருட்கள் தொலைந்துவிட்டன. இடுப்புக்கு மேலே ஒவ்வொரு சடைப் பின்னலையும் பார்த்துப் பார்த்துச் செய்த கைகள், கால்களைச் சும்மா தட்டையாக விட்டுவிட்டன. கிரேக்கச் சிற்பி இதைச் சகித்துக்கொண்டிருக்க மாட்டான், அவனுக்கு உடம்பின் அளவுப் பொருத்தம்தான் முக்கியம். எட்ரஸ்கனுக்கு முகமும் கையும் பேசினால் போதும். இவ்வளவு பெரிய உருவத்தை ஒரே துண்டாகச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும், அதனால் பகுதி பகுதியாகச் சுட்டுச் சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்த கோடு தெரியும், போனால் பாருங்கள்.

அதே அருங்காட்சியகத்தில், வெயி என்ற எட்ரஸ்க ஊரில் கிடைத்த 'வெயி அப்போலோ' சிலையும் இருக்கிறது. ஆள் உயரம், சுடுமண், 1916இல் தோண்டியெடுத்தது. இது கருவறையில் இருந்த சிலை இல்லை, கோயில் கூரையின் முகட்டில் நடந்து போவது போல நிறுத்தி வைத்த சிலை. ஏறக்குறைய இதே காலத்தில்தான் ரோமின் காப்பிடோலின் குன்றில் ஜூப்பிட்டருக்குப் பெரிய கோயில் எழுந்தது. அதற்கான ஜூப்பிட்டர் சிலையைச் செய்ய வெயி ஊரிலிருந்து வுல்கா என்ற கலைஞரை அழைத்து வந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். எட்ரஸ்கக் கலைஞர்களில் பெயர் தெரிந்தவர் அநேகமாக இவர் ஒருவர்தான். ரோமின் தலைமைக் கோயில், தலைமைத் தெய்வத்தின் சிலை, இரண்டுமே எட்ரஸ்கக் கைவேலை. குடியரசின் முதல் ஆண்டாகச் சொல்லப்படும் கி.மு. 509இல் குடமுழுக்கு நடந்ததாக மரபு. அடித்தளத்தின் கற்சுவர் இன்றும் காப்பிடோலின் அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது, சுமார் 53 மீட்டர் அகலம், 62 மீட்டர் நீளம் இருந்த கோயில். கூட்டம் பக்கத்தில் இருக்கும் மார்க்கஸ் ஆரேலியஸ் சக்கரவர்த்தியின் குதிரைச் சிலையைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடும். சுவர்ப் பக்கம் ஆளே இருக்காது.

மண் வேலையைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். பழைய எட்ரஸ்க நகரமான அரெட்சோ, ரோமானியர் கைக்குப் போன பிறகு பளபளப்பான சிவப்பு மட்பாண்டங்களுக்குப் பேர் போனது. அந்தப் பாண்டத்தின் துண்டுகள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது, காலத்தைக் கணிக்க அவருக்குப் பெரிய பிடியாக இருந்தவற்றில் அதுவும் ஒன்று.

சரி, எலும்புக்கூடு விஷயத்துக்கு வருவோம். ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை எந்தப் பக்கத்திலிருந்தும் சுற்றி வரலாம், நான்கு புறமும் படி, நான்கு புறமும் தூண் வரிசை. எட்ரஸ்கக் கோயில் அப்படியில்லை. உயரமான மேடை, முன்பக்கம் மட்டும் படிக்கட்டு, ஏறினால் ஆழமான முன்மண்டபம், அதற்குப் பின்னால் கருவறை. பக்கவாட்டிலும் பின்னாலும் வெறும் சுவர். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலில் இந்த அமைப்புக்குத் தனியாக அளவு கொடுத்திருக்கிறார்.

இப்போது ரோமில் டைபர் கரையில் இருக்கும் போர்ட்டுனஸ் கோயிலைப் பாருங்கள். கி.மு. 1ஆம் நூற்றாண்டு, பின்னாளில் தேவாலயமாக மாற்றியதால் இடிபடாமல் தப்பியது. அயோனியம் என்ற கிரேக்கப் பாணித் தலைப்பு கொண்ட அழகான தூண்களைப் பார்த்து "கிரேக்கக் கோயில்" என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் உயரமான மேடையும் முன்பக்கம் மட்டும் இருக்கும் படியும் ஆழமான முன்மண்டபமும் அப்படியே எட்ரஸ்க அமைப்பு. பக்கவாட்டுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. முன்மண்டபத்துத் தூண்கள்தான் தனியாக நிற்பவை. கருவறைச் சுவரில் தெரிவதெல்லாம் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், பாரம் தாங்கும் வேலை சுவருக்கு. கிரேக்கக் கோயிலின் தோற்றம் வேண்டும், வழக்கமான அமைப்பையும் விட மனசில்லை. இரண்டையும் சேர்த்தால் இதுதான் வரும்.

கொலோசியத்திலும் இதே கதைதான். கி.பி. 80இல் திறந்த, 48 மீட்டர் உயரமுள்ள கட்டடம். பாரத்தைச் சுமப்பது வளைவுகளும் அவற்றைத் தாங்கும் கற்கால்களும். கீழ்த்தளத்தில் எளிமையான டஸ்கன் பாணி, மேலே அயோனியம், அதற்கு மேல் கொரிந்தியம் என்று ஒட்டியிருக்கும் அரைத்தூண்கள் அலங்காரம். நீங்கள் படத்தில் பார்த்த தூண்கள் இவைதான். வளைவை எட்ரஸ்கர்கள் கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. மெசபடோமியாவில் வெகு காலம் முன்பே வளைவு உண்டு.

சிலைகளில் கிரேக்கக் கடன் அதிகம், மறுக்க முடியாது. கிரேக்கச் சிற்பி மைரனின் வட்டெறியும் வீரன் சிலையின் வெண்கல மூலம் போய்விட்டது, ரோமானியர் செய்த பளிங்கு நகல்கள் வழியாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அள்ளியது கிரேக்கத்திலிருந்து மட்டுமில்லை. கி.மு. 264இல் வோல்சினி என்ற எட்ரஸ்க நகரத்தை ரோம் பிடித்தது. அங்கிருந்த 2,000 சிலைகளுக்கு ஆசைப்பட்டுத்தான் பிடித்தார்கள் என்று ஒரு கிரேக்க எழுத்தாளர் குத்திக் காட்டியதை பிளினி குறித்திருக்கிறார். நாடு பிடிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

கிரேக்கம் தராத ஒன்று முகம். குடியரசுக் காலத்து ரோமானியப் பெரியவர்களின் தலைச் சிலைகளைப் பாருங்கள், சுருக்கம், வழுக்கை, தொங்கும் கன்னம் எதையும் மறைக்கவில்லை. உயர்குடி வீடுகளில் முன்னோர் முகங்களை மெழுகில் செய்து வைத்து, சாவு ஊர்வலத்தில் எடுத்துப் போகும் வழக்கம் இருந்தது. அப்புறம் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸ் வந்தார், 75 வயது வரை வாழ்ந்தார், சிலைகளில் மட்டும் கடைசி வரை வாலிபன். எட்ரஸ்கமும் ரோமும் ஒன்றாகக் கரையும் இடத்தைப் பார்க்க ஆசையிருந்தால், புளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'பேச்சாளர்' என்ற வெண்கலச் சிலை இருக்கிறது. உடுத்தியிருப்பது டோகா என்ற ரோமானிய மேலாடை, நிற்கும் நிலை ரோமானியம், ஆனால் டோகாவின் விளிம்பில் அவுலே மெதெலி என்ற அவர் பெயர் எட்ரஸ்க எழுத்தில் பொறித்திருக்கிறது.

அடுத்து சதை, அதாவது கான்கிரீட். இதில் யாருக்கும் ரோமானியர் கடன்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சுண்ணாம்பும் நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கத்து எரிமலை மண்ணும் சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். ஹேட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில் முடிந்த, ரோமில் உள்ள பாந்தியன் கோயில் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரைக்கும் அதே அளவு. உள்ளே ஒரு துண்டுக் கம்பி கிடையாது. கம்பியில்லாக் கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகில் பெரியது இதுதான். ரகசியம் ஜல்லியில் இருக்கிறது. அஸ்திவாரத்தில் கனமான டிராவர்டைன் கல், ஏற ஏற மென்பாறையும் செங்கல் உடைப்பும், உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். சுவர்த் தடிமனும் அப்படியே, குவிமாடத்தின் அடியில் சுமார் 6 மீட்டர், உச்சித் திறப்பின் ஓரத்தில் ஒன்றேகால் மீட்டருக்குள். நாம் செய்வது போலக் கலவையை ஊற்றவும் இல்லை. ஒரு அடுக்கு சாந்து, அதன் மேல் கைப்பிடி அளவுக் கற்கள், மறுபடியும் சாந்து என்று கையால் வைத்தே ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு எவ்வளவு மரம் வைத்துச் சென்ட்ரிங் அடித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்தே இருப்பதால் மழை உள்ளே விழும். தரையை நடுவில் லேசாக மேடாக்கி, துளை போட்டு வடிகால் கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கக் கோயிலின் அழகெல்லாம் வெளியே நின்று பார்ப்பதற்கு, இங்கே வெளிப்பக்கம் சுமார்தான், எல்லாம் உள்ளேதான்.

பாந்தியன் வாசலில் "அக்ரிப்பா கட்டினான்" என்று, அகஸ்டஸ் காலத்துத் தளபதியின் பெயரை எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள், அது அதே இடத்தில் இருந்த பழைய கோயிலின் பெயர்ப்பலகையை மரியாதைக்காகத் திரும்பப் போட்டது. செங்கற்களில் இருந்த முத்திரைகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆராய்ந்த பிறகுதான் உண்மையான காலம் தெளிவானது.

கடைசியாக உங்கள் ஓநாய். பல தலைமுறைகளாக அதை கி.மு. 5ஆம் நூற்றாண்டு எட்ரஸ்க வெண்கலம் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. 2006இல் ஒரு ஆய்வாளர், இது ஒரே வார்ப்பாக வார்த்தது, பண்டைக் காலத்துப் பெரிய வெண்கலங்களைத் துண்டு துண்டாக வார்த்துத்தான் இணைத்தார்கள், ஆகவே இது இடைக்காலத்தது என்றார். பிறகு நடந்த கதிரியக்கக் கரிமச் சோதனையும் கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டையே காட்டியது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. குழந்தைகள் இருவரும் 15ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள், அதில் மட்டும் தகராறு இல்லை.

சந்தேகமில்லாத எட்ரஸ்க வெண்கலம் வேண்டுமானால் அதே புளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் அரெட்சோ கிமேரா இருக்கிறது, 1553இல் கிடைத்தது. சிங்க உடம்பு, முதுகில் ஆட்டுத் தலை, வாலில் பாம்பு, முன்னங்காலில் தின்யா என்ற தெய்வத்துக்குக் காணிக்கை என்று எட்ரஸ்க எழுத்து. வால் மட்டும் 18ஆம் நூற்றாண்டில் புதிதாகப் பொருத்தியது. பாம்பு தன்னுடைய ஆட்டின் கொம்பையே கடித்துக்கொண்டிருக்கிறது. எதிரியைப் பார்த்துச் சீற வேண்டிய பாம்பை இப்படித் திருப்பிவிட்டது பழுது பார்த்தவர் செய்த வேலை, எட்ரஸ்கர்கள் மேல் பழி போடாதீர்கள்.