மைடாஸ் பாக்ஸ் படம் – பசங்களுக்கு போடலாமா?

சார், 'தி கர்ஸ் ஆஃப் தி மைடாஸ் பாக்ஸ்' (2013) படத்தை பாதி பேர் புகழ்றாங்க பாதி பேர் கழுவி ஊத்துறாங்க, எட்டு வயசு பையனையும் பன்னெண்டு வயசு பொண்ணையும் வச்சுட்டு பார்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா பாருங்க, அமெரிக்காவுல பிஜி ரேட்டிங்தான் (பெத்தவங்க வழிகாட்டுதலோட பசங்க பார்க்கலாம்னு அர்த்தம்), சண்டை இருக்கு ஆனா ரத்தக்களறி கிடையாது. திட்டுறவங்க முக்காவாசி பேர் ஸ்டீம்பங்க்ங்கிற வார்த்தைய (நீராவி காலத்து மெஷின்கள வச்சு பண்ற கற்பனைக் கதை வகை) நம்பி வந்தவங்க, பறக்குற கப்பல் நீராவி ரோபோன்னு எதிர்பார்த்து உக்காந்தா கடுப்பாத்தான் இருக்கும், இதுல அதெல்லாம் ஊறுகா அளவுக்குத்தான்.

கதை சிம்பிள். தம்பிய கடத்திட்டாங்க, அண்ணன் மரைய்யா (ஆமா, ஹீரோ பேரே அதுதான், பொண்ணு பேரு மாதிரி இருக்கேன்னு உங்க பையன் கண்டிப்பா கேப்பான்) தீவுல இருக்குற பெரிய ஹோட்டல்ல வேலைக்கு சேர்ந்து தேடுறான், வில்லன் சாம் நீல், தொட்டதெல்லாம் தங்கமாக்குற பெட்டிக்கு அலையுறாரு. ஹீரோவுக்கு உதவுறவரா நடிச்சிருக்குற மைக்கேல் ஷீன் வர்ற சீன் எல்லாம் ஜாலி, அவர் இல்லாதப்போ நடுவுல இழுவை, சின்னவன் எந்திரிச்சு ஓடுனா அப்பதான் ஓடுவான்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, க்ளைமாக்ஸ்ல அடுத்த பார்ட்டுக்கு லீடு குடுத்து முடிச்சிருப்பாங்க, அந்த பார்ட் வரவே இல்ல. பொண்ணு இங்கிலீஷ்ல படிப்பான்னா எழுத்தாளர் ஜி.பி.டெய்லரோட மரைய்யா மண்டி புத்தகங்கள வாங்கி குடுங்க, படம் அதுல முதல் புத்தகத்துல இருந்து எடுத்ததுதான்.