குட்டிகளின் உதட்டில் பொருக்கு: கோமாரியா, வேறா?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஊரில், புதுக்கோட்டைப் பக்கம், அம்மா எங்கள் வெள்ளாடுகளைப் பார்த்துக்கொள்கிறார். ஜூன் பள்ளி விடுமுறைக்குப் போய்த் திரும்பி இரண்டு வாரம் ஆன நிலையில், என் நான்கு வயது மகளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் என்று பாலர் பள்ளியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் அம்மா போன் செய்து, மூன்று குட்டிகளுக்கு வாயில் புண், கோமாரி என்று ஊரில் சொல்கிறார்கள் என்றார். பெரிய ஆடுகள் நன்றாகத்தான் மேய்கின்றனவாம். மகள் அந்தக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டேதான் திரிந்தாள். அங்கிருந்து வந்திருக்குமா? குட்டிகளுக்கு மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்லவா? அம்மா அனுப்பிய படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பாலர் பள்ளிகளில் சுற்றும் கை, கால், வாய்ப்புண் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. காக்சாக்கி, என்டெரோவைரஸ் 71 போன்ற கிருமிகளால் வருகிறது. 2000-இல் சிங்கப்பூரில் பெரிய அளவில் பரவி, சில பிள்ளைகளின் உயிரையும் எடுத்தது. அந்த ஆண்டிலிருந்துதான் அது சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயானது. கால்நடைகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரி வைரஸ் அதற்குத் தூரத்துச் சொந்தம் என்றாலும், அது பிடிப்பது மாடு, ஆடு, பன்றி போன்ற பிளந்த குளம்புள்ள கால்நடைகளை. மனிதருக்கு வருவது மிக மிக அரிது. நாள் கணக்கும் ஒத்துவரவில்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் நோய், தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் வெளியே தெரிந்துவிடும். நீங்கள் ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே.

சரி, குட்டிகளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படம் மங்கலாக இருந்தாலும், உதட்டு ஓரத்தில் தடித்த பழுப்புப் பொருக்கு தெரிகிறது. வாய்க்குள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அதுதான் முக்கியம். பாலர் பள்ளி வாசலில் ஆசிரியர் பிள்ளையின் வாயை மட்டும் பார்த்து விடுவதில்லை, உள்ளங்கை, கால் எல்லாம் பார்த்துத்தானே உள்ளே அனுப்புகிறார்? குட்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில், ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கையுறை போட்டு உதட்டை மேலும் கீழும் விலக்கட்டும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான் இருக்கும். அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் நாக்கின் மேல்புறம், ஓரம், கன்னத்தின் உட்புறம். பிறகு நான்கு காலிலும் குளம்புகளுக்கு நடுவே. தாய் ஆட்டின் காம்பையும் விடக்கூடாது.

புண்ணை விவரிக்கும்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை அம்மா சொல்ல வேண்டும். சிவந்த தடிப்பா, நீர் கோத்த கொப்புளமா, சீழ் வைத்ததா, தோல் உரிந்து சிவப்பாக இருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, காய்ந்து பொருக்குக் கட்டியதா? கடுகளவா, பட்டாணியளவா? எந்தக் குட்டிக்கு முதலில் வந்தது, எத்தனை நாளாகிறது? இதில் நான் கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. கோமாரிக் கொப்புளம் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே உடைந்துவிடும். வெள்ளாட்டில் வாய்ப்புண் லேசாக வந்து மறைந்து, நொண்டுவது மட்டும் மிஞ்சுவதும் உண்டு. மாட்டைப் போல எச்சில் நூல் நூலாக ஒழுகும் என்று காத்திருந்தால் தவறவிட்டுவிடுவோம். குட்டிகளுக்கு அது இதயத்தைத் தாக்கித் திடீரென்று சாகடிக்கவும் செய்யும்.

அனுபவம் உள்ளவர்களுக்கும் கண் ஏமாறும். 2001-இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது, வாய்ப்புண் இருந்த பல செம்மறிகளைச் சந்தேகப்பட்டார்கள். ஆய்வகத்தில் பார்த்தால் அவற்றில் கோமாரியே இல்லை. அதனால் கடைசித் தீர்ப்பு, புண்ணிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பதில்தான். கொப்புளத்தைக் கிள்ளி உடைக்க வேண்டாம், மருத்துவருக்கு அதுதான் நல்ல மாதிரி.

படத்தையும், பெரிய ஆடுகள் நன்றாக இருப்பதையும் வைத்துப் பார்த்தால், எனக்கு ஆர்ஃப் என்ற நோய்மேல்தான் சந்தேகம். இதுவும் வைரஸ் நோய், அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்தது. முள்ளோ முரட்டுத் தழையோ கீறிய இடத்தில் நுழையும். உதட்டு ஓரத்தில் தொடங்கி, சீழாகி, மருபோல் தடித்த பொருக்காகும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தானே உதிரும். பொருக்கைப் பிய்த்தால் ஆறத் தாமதமாகும். உதிர்ந்த பொருக்கில் கிருமி காய்ந்த இடத்தில் பல மாதம் உயிரோடு இருக்கும், ஆகவே பட்டியைக் கூட்டி, அந்தக் குப்பையை எரித்துவிடச் சொல்லுங்கள். புண் வாயோடு பால் குடித்தால் தாயின் காம்புக்கும் தொற்றும். வலியில் தாய் குட்டியை உதைத்துத் தள்ளும், மடிவீக்கமும் வரும்.

மஞ்சளைப் பொறுத்தவரை, மருத்துவர் பார்க்கும்வரை எதையும் பூச வேண்டாம். மஞ்சளோ ஊதா மருந்தோ பூசிவிட்டால் புண்ணின் நிறமும் ஓரமும் தெரியாமல் போய்விடும். பார்த்த பிறகு போரோ கிளிசரின் தடவலாம். மென்மையான தழையும் கஞ்சியும் கொடுக்கலாம். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஊசி வைரஸைக் கொல்லாது, சீழ் பிடித்தால் மட்டுமே அதற்கு வேலை.

ஆர்ஃப் மனிதருக்குத் தொற்றும். அம்மாவின் கையில் வெட்டு, கீறல் இருந்தால் வெறுங்கையால் குட்டியின் வாயைத் தொடக்கூடாது. உங்கள் மகளின் விரல்களையும் இன்று ஒருமுறை பாருங்கள். உள்ளங்கை, பாதம் எங்கும் பரவிய சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால் அது பாலர் பள்ளி நோய். விரலில் ஒன்றோ இரண்டோ தடித்த கட்டி, நடுவில் நீர் கோத்தோ பொருக்குக் கட்டியோ இருந்தால், மருத்துவரிடம் “ஊரில் ஆட்டுக்குட்டியைத் தூக்கினாள்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் ஆடு வளர்ப்பே அபூர்வம், சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணம் வராது. அதுவும் சில வாரத்தில் தானே ஆறிவிடும்.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. வாய்க்குள் நீர்க்கொப்புளம், நொண்டல், குட்டி திடீரென்று சாவது என்றால் கோமாரியைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, கடும் காய்ச்சல், வாயில் தவிடு ஒட்டியதுபோல் நாற்றமடிக்கும் படலம், கழிச்சல் என்றால் அது ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். பட்டியையே காலி செய்துவிடும் நோய் அது. இதில் எது தெரிந்தாலும் என் பதிலுக்காகக் காத்திருக்காமல், அம்மாவை 1962-க்கு அழைக்கச் சொல்லுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். என்ன நோய் என்று தெரியும்வரை எந்த ஆட்டையும் சந்தைக்கு ஓட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கிடாவையும் பட்டிக்குள் விட வேண்டாம்.