ரொட்டி வண்டியின் பின்புறம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் பிரஸ் டூல் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். நெதர்லாந்துக்காரரான நீல்ஸ் வான் ரோய் வடிவமைத்து 2021இல் வெளிவந்த ‘பிரெட்வேன் ஒமாஜ்’ காரின் படங்களைப் பார்த்தேன். 1962இல் ‘ரொட்டி வண்டி’ (பிரெட்வேன்) என்ற பந்தயக் காரை உருவாக்கிய இத்தாலிய எஞ்சினியர் ஜோட்டோ பிட்சரீனிக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது 1990களின் ஃபெராரி 550 மரனெல்லோ. எஞ்சின் அதேதான், கியர்பாக்ஸும் அதேதான். மேலே தகடு மட்டும் புதிது. எஞ்சினியருக்கு மரியாதை என்றால் எஞ்சினியரிங்கில் அல்லவா இருக்க வேண்டும்? இன்னொரு கேள்வி. டை (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் எஃகு அச்சு), சிஎன்சி, கார்பன் ஃபைபர் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் ஏன் சுத்தியலால் தகடு அடிக்கிறார்கள்? அதில் எங்கே தவறும்?

க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்வி நியாயமானது. ஆனால் பதில் நீங்கள் குறை சொல்லும் அந்த 550 மரனெல்லோவில்தான் இருக்கிறது. அதற்கு 1962இல் பிட்சரீனி உண்மையில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

1961 இறுதியில் ஃபெராரியின் முக்கியமான ஆட்கள் பலர் ஒரேயடியாக வெளியேறினார்கள். தலைமை எஞ்சினியர் கார்லோ கிட்டியும் பிட்சரீனியும் அதில் உண்டு. 250 ஜிடிஓ என்ற புதிய பந்தயக் காரின் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் பிட்சரீனி போனார். வெளியேறியவர்கள் தொடங்கிய ஏடிஎஸ் நிறுவனத்தில் பணம் போட்டவர்களில் ஒருவர் கோமகன் ஜியோவானி வோல்பி. அந்தக் கோபத்தில் என்ஸோ ஃபெராரி வோல்பிக்கு ஜிடிஓ விற்க மறுத்துவிட்டார். வோல்பியின் கையில் இருந்தது முந்தைய தலைமுறை 250 ஜிடி எஸ்டபிள்யூபி (குறுகிய வீல்பேஸ் கார்), சேசிஸ் எண் 2819. அதை ஜிடிஓவுக்குச் சமமாக்கிக் கொடுங்கள் என்று பிட்சரீனியிடம் ஒப்படைத்தார்.

பிட்சரீனி முதலில் கை வைத்தது எஞ்சின் இருக்கும் இடத்தில். 3 லிட்டர் வி12ஐப் பின்னால் தள்ளினார், கீழே இறக்கினார். இறக்குவதற்கு டிரை சம்ப் வேண்டும். சாதாரண எஞ்சினில் ஆயில் அடியிலுள்ள தொட்டியில் தேங்கி நிற்கும், அந்தத் தொட்டியின் ஆழம் அளவுக்கு எஞ்சின் உயரத்தில் உட்கார வேண்டியிருக்கும். டிரை சம்ப்பில் ஆயிலை பம்ப் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிவிடும். அடித்தொட்டி ஆழமில்லாமல் போகும், எஞ்சின் தாழும். அதோடு வளைவில் காரை வீசித் திருப்பும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடித்து, பேரிங் எரிவதும் நின்றுவிடும். எஞ்சின் தாழ்ந்ததால் பானெட் தாழ்ந்தது, மூக்கு ஜிடிஓவைவிடக் கூர்மையானது. ஆறு வெபர் கார்புரேட்டர்கள் மட்டும் பானெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றின் மேல் ஒரு பிளெக்ஸிகிளாஸ் மூடி வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் பேசும் அந்தப் பின்புறம். கூரையைச் சரியவிடாமல் கடைசிவரை கொண்டுபோய்க் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக முடித்தார். மோடெனாவில் பியரோ த்ரோகோவின் பட்டறையில் தகடு அடித்தார்கள். பிரெஞ்சுப் பத்திரிகைகள் சின்ன வேன் என்றன, ஆங்கிலேயர்கள் ரொட்டி வண்டி என்றார்கள். 1962 லெ மான் பந்தயத்தில் அது ஜிடிஓக்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது மணி நேரத்தில் டிரைவ் ஷாஃப்ட் போய் நின்றுவிட்டது. அதே ஆண்டு வேறு இரண்டு போட்டிகளில் ஜிடி பிரிவில் வென்றது.

இப்போது 550 மரனெல்லோவுக்கு வாருங்கள். 1996இல் வந்த கார். வி12 முன்னால், ஆனால் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி. டிரை சம்ப் கம்பெனியிலிருந்தே உண்டு. ஆறு கியர் மேனுவல் பெட்டி எஞ்சினோடு ஒட்டாமல் பின் அச்சோடு சேர்ந்திருக்கிறது, அதனால் முன்பின் எடை கிட்டத்தட்டச் சரிபாதி. அடியில் எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியம். வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம், 2500 மி.மீ., எஸ்டபிள்யூபிக்கு 2400. அதாவது பிட்சரீனி 1962இல் வெட்டி ஒட்டிச் சாதித்ததில் பாதிக்கு மேல் இந்தக் காரில் தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கிறது. நடு எஞ்சின் ஃபெராரி ஒன்றை எடுத்து அதன்மேல் இந்தப் பின்புறத்தை வைத்திருந்தால் உங்கள் குற்றச்சாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். அடித்தளமாக எந்தக் காரை எடுப்பது என்ற முடிவில்தான் இந்த மரியாதையின் எஞ்சினியரிங் இருக்கிறது. அந்த முடிவு சரியானது.

எனக்குக் குறை வேறோர் இடத்தில். எடை. 1962 ரொட்டி வண்டி சுமார் 935 கிலோ, எஞ்சின் ஏறத்தாழ 300 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 3.1 கிலோ. 550 மரனெல்லோ 1690 கிலோ, 485 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 3.5 கிலோ. எஞ்சின் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது, முப்பத்து நான்கு ஆண்டுகள் பிந்தியது, இருந்தும் சுமை அதிகம். தகட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. 1.5 மி.மீ. அலுமினியத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு நாலு கிலோதான். பத்துச் சதுர மீட்டர் தகட்டை மொத்தமாகக் கழற்றி எறிந்தாலும் நாற்பது கிலோதான் குறையும். பின்புறத்தை நீட்டும்போதோ எடை கூடும். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ, அதுவும் உயரத்தில் போய் உட்காரும் எடை. பாலிகார்பனேட் போட்டால் அதில் பாதி. ஆனால் வைப்பர் ஓடும் இடத்தில் கீறல் விழும், அதற்கென உள்ள கோட்டிங் இல்லாமல் போடவே கூடாது. எடை குறைய வேண்டுமானால் சீட், ஒலித்தடுப்பு, ஏசி, வயரிங் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். சாலையில் ஓட்டப்போகும் ஒருவருக்காகச் செய்த காரில் அதை எதிர்பார்ப்பது கடினம்தான். ஆனாலும் பிட்சரீனியின் பெயரைச் சொல்லும் காரில் நான் முதலில் தேடுவது ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ என்ற அந்தக் கணக்கைத்தான்.

பின்புறத்தின் வடிவத்தைப் பற்றி உங்கள் துறைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூரை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் மெல்லச் சரிந்தால் காற்று தகட்டோடு ஒட்டியே வரும். இருபத்தைந்து, முப்பது டிகிரி என்று சரிந்தால் இரு ஓரங்களிலும் பலமான சுழல்கள் உருவாகிப் பின்புறத்தை மேலே தூக்கும், இழுவையும் கூடும். பின்னால் போகப்போகக் குறுகி முழுதாகக் கூம்பினால் காற்றுக்கு நல்லதுதான், ஆனால் அதற்குக் கார் பல மீட்டர் நீள வேண்டும். ஜெர்மானியர் வுனிபால்ட் காம் 1930களில் காட்டியது, அந்தக் கூம்பைப் பாதியில் வெட்டிவிட்டாலும் பலனில் பெரும்பகுதி கிடைக்கும் என்பதை. வெட்டும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அரை அங்குலம் உருட்டிவிட்டால்கூடக் காற்று எங்கே பிரிவது என்று தெரியாமல் விளிம்பைச் சுற்றி இறங்கும், வேகத்துக்கு வேகம் பிரியும் இடம் மாறும், காரின் பின்புறம் நிலைகொள்ளாது. டிங்கரிங் செய்பவர் அழகுக்காக மழுக்கிவிடும் விளிம்பு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஏன் சுத்தியல்? ஒரே ஒரு கார் என்பதால். டை வெட்ட ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும். கார்பன் ஃபைபருக்கும் முதலில் மாதிரி, பிறகு அச்சு, பிறகுதான் பாகம். பிட்சரீனியின் பெயரிலேயே மறுபடி தொடங்கப்பட்ட நிறுவனம் 5300 ஜிடி காரை 24 என்ற எண்ணிக்கையில் கட்டுவதாக அறிவித்தது. அங்கே அச்சுக்கு அர்த்தம் உண்டு. ஒரு காருக்கு அச்சு செய்தால், அந்த அச்சே இன்னொரு காரின் வேலை. கரூரில் கம்பெனி சேசிஸ் மீது பஸ் பாடி கட்டுகிறார்களே, தொழிலின் அடிப்படை அதுதான். இங்கே வளைவுகள் மட்டும் இரு திசையிலும் ஓடும்.

வேலை களிமண்ணில் தொடங்குகிறது. ஒமாஜுக்கும் முழு அளவில் களிமண் மாதிரி செய்தார்கள். ஃபோம் மீது சில சென்டிமீட்டர் கனத்துக்குச் சூடாக்கிய களிமண்ணை அப்பிச் சுரண்டுவது வழக்கம். திரையில் சரியாகத் தெரிந்த கோடு முழு அளவில் தொய்ந்து தெரியும். சக்கர வளைவுக்கு மேலே செல்லும் தோள் கோட்டில் இது கட்டாயம் நடக்கும். களிமண் முடிந்ததும் அதை அளந்து, குறுக்கும் நெடுக்குமாக மரப்பலகைகள் அறுத்து ஓர் உருவச் சட்டம் செய்வார்கள். தகட்டை அடித்து அடித்து இந்தச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் தவறு.

அலுமினியத்தை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகிய பிறகும் அடித்தால் விரிசல் விடும். நடுவில் சூடாக்கி இளக்க வேண்டும். எஃகு சிவந்து காட்டும், அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியில் பொத்தென்று உருகி விழும். அதனால் தகட்டின் மேல் குளியல் சோப்பைத் தேய்த்துவிட்டுப் பின்பக்கம் தீ காட்டுவார்கள். சோப்பு கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். சூடு போதும். அசெட்டிலீன் கரியைப் பூசி, அது மறையும்வரை காட்டுவது இன்னொரு வழி.

துண்டுகளை இணைப்பதில் இரண்டு கட்சி. மின்பொறியால் செய்யும் டிக் வெல்டிங் சுத்தமானது, சூடு அதிகம் பரவாது. ஆனால் வெல்டிங் உருகி உறைந்த கோடு கடினமாக இருக்கும், அதன்மேல் சுத்தியல் போட்டால் ஓரத்தில் கீறல் விடும். கேஸ் வெல்டிங்கில் இணைப்பு இளகியே இருக்கும், தட்டிச் சமன்செய்ய இடம் தரும். ஆனால் அதற்குப் போடும் ஃப்ளக்ஸ் என்ற ரசாயனப் பூச்சை வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். துளி தங்கினாலும் ஓராண்டுக்குள் பெயின்ட் கொப்புளிக்கும். எந்த வெல்டிங்கானாலும் ஆறும்போது தகடு சுருங்கும். உடனே தட்டி நீட்டாவிட்டால் இணைப்பை ஒட்டிப் பள்ளம் ஓடும், அதைப் பட்டி வைத்து மறைக்கத் தோன்றும். பட்டி ஒரு மி.மீ.க்கு மேல் போனால் அந்தத் தகட்டைத் திரும்பக் கழற்றுவதே நல்லது.

இந்தக் காரில் மிகக் கடினமான பாகம் எது என்று கேட்டால் கூரை என்பேன். சக்கர வளைவு பார்க்கத்தான் பயங்கரம், வளைந்த தகடு தானே விறைத்துக்கொள்ளும். நீளமான, ஏறக்குறைய தட்டையான கூரைக்கு அந்த உதவி கிடையாது. நடுவில் கொஞ்சம் அதிகமாக நீண்டிருந்தால் போதும், கையால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் டொக்கென்று வெளியே வரும். ஓடும்போது அந்தச் சத்தம் நிற்காது. இதற்கு மருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மேடு வைத்து அடிப்பது. நடுவை மேலும் தட்டினால் மேலும் நீளும். ஓரத்தைத்தான் நீட்ட வேண்டும், அல்லது நடுவைச் சூடாக்கிச் சுருக்க வேண்டும்.

அதோடு வெயில். 2 மீட்டர் நீளக் கூரையில் வெப்பம் 40 டிகிரி ஏறினால் அலுமினியம் 1.8 மி.மீ. நீளும், அடியிலுள்ள எஃகுச் சட்டம் 1 மி.மீ.தான் நீளும். நாலு ஓரமும் அசையாமல் பிடித்திருந்தால் மிச்ச நீளம் நடுவில் அலையாகக் கிளம்பும். சுற்றிலும் மடித்து, இடையே நெகிழும் பசை வைத்துப் பிடிப்பதுதான் வழி. பசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அலுமினியமும் எஃகும் நேராகத் தொட்டு, நடுவில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். எபாக்ஸி பிரைமர், சீலன்ட், அலுமினிய ரிவெட் என்று முழுதும் பிரித்து வைக்க வேண்டும். ஃபெராரி 550இல் அலுமினியத்தை எஃகுச் சட்டத்தோடு ஃபெரான் என்ற இடைப்பொருள் வைத்து வெல்ட் செய்திருந்தது. பழைய பாடியை வெட்டும்போது அந்த இணைப்பைத் தாண்டி வெட்டிவிட்டால் சாதாரண பட்டறையில் அதைத் திரும்பச் செய்ய முடியாது. அதனால் வெட்டுக்கோடு எப்போதும் அலுமினியப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உங்களைப் போன்றவர்கள் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்க ஆசைப்படலாம் என்பதால் கடைசியாக ஓர் எச்சரிக்கை. செங்குத்தான பின்புறத்துக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். சைலன்சர் புகை அங்கேயே சுழன்று, கதவு ரப்பரில் சின்ன இடைவெளி இருந்தாலும் கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. புகைக்குழாயின் வாய் பம்பரைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். வால் விளக்கு வயர் போகும் ஓட்டைகளுக்கும் குரோமெட் என்ற ரப்பர் வளையம் போட்டு அடைக்க வேண்டும். அடைத்த பிறகு உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து சுற்றிலும் அடிக்கட்டும், வெளியே இருட்டில் நிற்பவருக்கு ஒரு கீற்றுகூடத் தெரியக் கூடாது. பெயின்டுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.