பயணிக்காத ரயில் டிக்கெட்டும் திரும்ப வேண்டிய பணமும்: கேள்வி பதில்

முன்பதிவுக் கவுண்டரில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பொங்கல் பயணத்தை ஒட்டி 2024 டிசம்பரில் வந்த கேள்விகளுக்கு, 2015 நவம்பர் 12 முதல் அப்போதுவரை நடப்பில் இருந்த விதிகளின்படி நான் தந்த பதில்கள் இவை.

கோவில்பட்டி வாசகர்: ரயில் புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் எதுவும் இல்லை என்கிறார்களே, உண்மையா? என்னுடையது ஸ்லீப்பர் வகுப்பு, கட்டணம் 385 ரூபாய்.

உண்மையில்லை. உறுதியான டிக்கெட்டை நாமாக ரத்து செய்தால், எவ்வளவு முன்னதாகச் செய்தாலும் பிடித்தம் உண்டு. ஸ்லீப்பருக்கு ஒருவருக்கு 120 ரூபாயும், மூன்றடுக்கு ஏசிக்கு 180 ரூபாயும், இரண்டடுக்கு ஏசிக்கு 200 ரூபாயும் குறைந்தபட்சப் பிடித்தம். ஏசி வகுப்புகளில் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும். 48 மணி முதல் 12 மணி நேரம் வரை கட்டணத்தில் கால் பங்கு, 12 மணி முதல் 4 மணி நேரம் வரை அரைப் பங்கு, அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்காது.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இதில் இருக்கிறது. உங்கள் 385 ரூபாயில் கால் பங்கு 96 ரூபாய் 25 காசு. அது குறைந்தபட்சமான 120 ரூபாயை எட்டவில்லை என்பதால் 120 ரூபாயே பிடிக்கப்படும். ஆகவே, மூன்று நாள் முன்னதாக ரத்து செய்தாலும் 13 மணி நேரம் முன்னதாக ரத்து செய்தாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றுதான். ஸ்லீப்பரில் கட்டணம் 480 ரூபாயைத் தாண்டாதவரை இந்த நிலைதான். பயணம் நிச்சயமாகத் தெரியாதவர்கள் 48 மணிக் கெடுவுக்கு அஞ்சி அவசரமாக ரத்து செய்ய வேண்டியதில்லை. 12 மணிக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் அதைக் கடந்தால் பிடித்தம் 192 ரூபாய் 50 காசாகிவிடும். இணையவழியில் வாங்கியவருக்கு அந்தத் தளத்தின் சேவைக் கட்டணமும் திரும்பாது.

விழுப்புரம் வாசகி: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது, டிசம்பர் 2 அன்று நான் ஏற வேண்டிய ரயில் காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டது. வாங்கியது இ-டிக்கெட். முழுப் பணம் கிடைக்குமா?

கிடைத்திருக்கும், அம்மா. ரயில் முழுவதுமாக ரத்தானால் இ-டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே வந்துவிடும். பாதை மாறி நம் நிலையத்துக்கு வராமல் போனாலோ, நாம்தான் டிடிஆர் எனப்படும், பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் அதற்குக் கெடு. நீங்கள் இரண்டு வாரம் காத்திருந்துவிட்டீர்கள். பிழை ரயில்வேயுடையதாக இருந்தாலும் முறையீடு நம்முடையது என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

ஆவடி வாசகர்: உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால்?

ஒரு காசும் வராது.

திருச்சி வாசகர்: இங்கிருந்து ஈரோடு சென்று, அங்கே மும்பை ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதானா?

போக வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் முதல் இரண்டு டிக்கெட்டுகளின் பிஎன்ஆர்களையும் (முன்பதிவு எண்களையும்) இணைத்துக்கொள்ள வசதி உண்டு. பயணிகளின் விவரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இணைத்திருந்தால், முதல் ரயிலின் தாமதத்தால் தவறிய இரண்டாம் பயணத்துக்குப் பிடித்தமின்றிப் பணம் திரும்பும். ஈரோட்டில் இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள் டிடிஆர் பதிவு செய்யுங்கள்; அறை தேடுவதும் காபி குடிப்பதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

தாம்பரம் வாசகர்: காத்திருப்புப் பட்டியலிலேயே நின்று சார்ட் (இடம் ஒதுக்கிய இறுதிப் பட்டியல்) வந்த பிறகு தானாக ரத்தான இ-டிக்கெட்டுக்கு ஆளுக்கு 60 ரூபாய் பிடித்தார்கள். படுக்கையே தராதவர்கள் எதற்குக் கட்டணம் எடுக்கிறார்கள்?

அது கிளார்க்கேஜ் எனப்படும் எழுத்தர் கட்டணம். டிக்கெட்டை எழுதிக் கொடுத்து, பின்பு கணக்கு முடிக்கும் வேலைக்கானது என்பது அதன் பழைய நியாயம்.

சேலம் வாசகர் (குறுக்கிட்டு): 60 ரூபாய் குறைவுதான். இலவசமென்றால் ஒரே நாளுக்கு நான்கு ரயில்களில் பதிந்து வைப்பார்கள்.

தாம்பரம் வாசகர்: நான்கு ரயில்களில் பதிபவரைப் பிடியுங்கள், ஒரே டிக்கெட் வாங்கிய என்னை ஏன் பிடிக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் ஐந்து பேர். 300 ரூபாய் போயிற்று.

இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனாலும் நான் தாம்பரத்தார் பக்கம். கவுண்டரில் அமர்ந்த காலத்தில் சீட்டை வாங்கி, சரிபார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்தோம். அந்த உழைப்புக்கு ஒரு கட்டணம் என்பது புரிகிறது. இயந்திரம் தானாக ரத்து செய்யும் டிக்கெட்டில் எந்த எழுத்தர் எழுதினார்? பயணி தாமாக முன்வந்து ரத்து செய்தால் பிடிக்கலாம், இறுதிவரை காத்திருந்தவரிடம் பிடிக்கக் கூடாது என்பது என் கருத்து. சேலத்தாரின் அச்சத்துக்கு அதுவே பதிலாகவும் அமையும், ஏனெனில் பல ரயில்களில் பதிபவர் ஒன்று உறுதியானதும் மற்றவற்றைத் தாமே ரத்து செய்வார்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. காத்திருப்போருக்கு வேறொரு ரயிலில் இடம் தரும் விகல்ப் வசதியைத் தேர்ந்தெடுத்து, மாற்று ரயிலில் இடம் கிடைத்த பிறகு வேண்டாமென்றால், உறுதியான டிக்கெட்டுக்குரிய பிடித்தம் வரும். கவுண்டரில் வாங்கிய காத்திருப்பு டிக்கெட்டோ தானாக ரத்தாகாது. ரயில் புறப்பட அரை மணி நேரத்துக்கு முன் ஒப்படைக்காவிட்டால் முழுப் பணமும் போய்விடும்.

ஓசூர் வாசகர்: உறுதியான தட்கல் டிக்கெட்டுக்குப் பணம் வருமா?

ஆவடியாருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கரூர் வாசகர்: எனக்குப் பதிலாக என் மைத்துனர் அதே டிக்கெட்டில் போகலாமா?

முடியாது. உறவினரில் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டுமே பெயர் மாற்றம் உண்டு. அதற்கும் 24 மணி நேரத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அரியலூர் வாசகர்: ஐயா, என்னுடையதும் தட்கல் இ-டிக்கெட்தான். நிலையத்திலேயே அமர்ந்து எழுதுகிறேன். ரயில் ஏற்கெனவே மூன்று மணி இருபது நிமிடம் தாமதம். இனிப் போய்ப் பயனில்லை.

தட்கல் என்றதும் எரிச்சலோடு படிக்கத் தொடங்கினேன். உங்கள் கேள்வி வேறு. ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, டிக்கெட்டில் உள்ள எவரும் பயணிக்காவிட்டால், தட்கலுக்கும் முழுக் கட்டணம் திரும்பும். ஆனால் ரயில் உங்கள் நிலையத்தை விட்டு உண்மையில் கிளம்புவதற்குள் டிடிஆர் பதிவாகியிருக்க வேண்டும். என் பதிலுக்கு நன்றி எழுதிக்கொண்டிருக்காமல், முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.