சுண்ணாம்போடு கலந்த அம்மோனியம் உரம்: தழைச்சத்து எங்கே போனது?

கேள்வி: மண் பரிசோதனையில் என் நிலத்தின் பிஎச் (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 5.2 என்று வந்தது. சுண்ணாம்பு இடச் சொன்னார்கள். மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நிற்கிறது, மேலுரமும் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று 50 கிலோ அம்மோனியம் சல்பேட்டையும் 30 கிலோ நீற்றுச் சுண்ணாம்பையும் மாலையில் கலந்து வைத்து, மறுநாள் தூவினேன். கலக்கும்போதே கண் எரிந்தது, நெடி தாங்கவில்லை. காலையில் குவியல் கட்டி கட்டியாக இறுகியிருந்தது. இரண்டு வாரம் ஆகியும் பயிர் பச்சை கட்டவில்லை. அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. அடுத்த முறை யூரியாவைச் சுண்ணாம்போடு கலந்தால் இந்தத் தொல்லை வராது என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். சரிதானா? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "இது எங்க லேப்ல செய்யறதுதான்ப்பா" என்கிறாள். அவளுக்கும் புரியும்படி சொல்லுங்கள்.

பதில்: ஐயா, உங்கள் மகள் சொன்னது சரி. அம்மோனியம் உப்பையும் நீற்றுச் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்குவதுதான் ஆய்வகத்தில் அம்மோனியா வாயு தயாரிக்கும் முறை. அங்கே பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடு எடுப்பார்கள், நீங்கள் எடுத்தது அம்மோனியம் சல்பேட். சூடு இல்லாவிட்டாலும் இந்த வினை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. அதற்கு ஒரு இரவு அவகாசமும் கிடைத்துவிட்டது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். அம்மோனியா மூலக்கூறில் நைட்ரஜனிடம் (தழைச்சத்து என்பது இதுதான்) பிணைப்பில் சேராத ஒரு தனித்த இரட்டை எலக்ட்ரான் இருக்கிறது. அதைக் கொண்டு அது ஒரு புரோட்டானை, அதாவது அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியை, பிடித்துக்கொண்டால் அம்மோனியம் அயனி. இந்த அயனிக்கு நேர்மின்சுமை உண்டு, அதனால் களிமண் துகளில் ஒட்டி நிற்கும், காற்றில் பறக்காது. புரோட்டானை இழந்துவிட்டால் மறுபடி அம்மோனியா, அதாவது வாயு. சுண்ணாம்பில் உள்ள ஹைட்ராக்சைடு அயனி செய்வது அந்தப் புரோட்டானைப் பறிப்பதுதான். வெளிவந்த வாயு காற்றோடு போய்விடுவதால் வினை திரும்பவும் வழியில்லை. விளைபொருளை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் வினை அந்தப் பக்கமே நகரும் என்கிற லீ சாட்லியர் தத்துவத்தை மகள் படித்திருப்பாள், அதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

அம்மோனியம் அயனியின் பிகேஏ மதிப்பு (அதில் பாதி புரோட்டானை இழந்து நிற்கும் பிஎச்) 25 டிகிரி செல்சியஸில் 9.25. பிஎச் 9.25 ஆக இருக்கும் கரைசலில் பாதி அம்மோனியம், பாதி அம்மோனியா. பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம்தான் அம்மோனியா. 7 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. உங்கள் மண்ணின் 5.2-இல் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்மோனியம் சல்பேட்டைத் தனியாக இட்டிருந்தால் வாயுவாகப் போவது அநேகமாக இருந்திருக்காது. நீற்றுச் சுண்ணாம்பு கரைந்த நீரின் பிஎச் 12-க்கும் மேல். அங்கே அம்மோனியம் நிலைக்கவே முடியாது.

இப்போது கணக்கு. 132 கிராம் அம்மோனியம் சல்பேட்டில் 28 கிராம் நைட்ரஜன். அதை முழுவதும் வெளியேற்ற 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு போதும். 50 கிலோவுக்குக் கணக்கிட்டால் 28 கிலோ சுண்ணாம்பு. நீங்கள் போட்டது 30 கிலோ. மூட்டையில் இருந்த சுமார் பத்தரை கிலோ தழைச்சத்து முழுவதையும் விரட்டப் போதுமான அளவு அது. உலர்ந்த தூள்கள் என்பதால் எல்லாமே வினைபுரிந்திருக்காது. ஆனால் பயிரின் நிறத்தைப் பார்த்தால் பெரும்பகுதி போய்விட்டது போலத்தான் தெரிகிறது. மக்காச்சோளத்தில் அடியிலை நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்நோக்கி மஞ்சள் ஏறினால் அது தழைச்சத்துக் குறைவின் தெளிவான அடையாளம்.

குவியல் ஏன் இறுகியது? இதைப் பலர் ஈரம் பட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வினையில் அம்மோனியாவோடு கால்சியம் சல்பேட்டும் தண்ணீரும் உண்டாகின்றன. அந்தத் தண்ணீரைக் கால்சியம் சல்பேட் தன் படிகத்துக்குள் இழுத்துக்கொண்டால் அதுதான் ஜிப்சம். நீங்கள் காலையில் உடைத்த கட்டிகளில் அதுதான் இருந்திருக்கும். இதில் உங்களுக்கு இரண்டாவது நஷ்டமும் இருக்கிறது: ஜிப்சம் மண்ணின் அமிலத்தைப் போக்காது. அமிலத்தை முறிக்க வேண்டிய ஹைட்ராக்சைடு அம்மோனியத்தோடு தீர்ந்துபோனது. ஆக, உரமும் போனது, சுண்ணாம்பின் வேலையும் போனது. கந்தகமும் கால்சியமும் மட்டும் மண்ணில் தங்கின.

யூரியா யோசனைக்கு வருகிறேன். யூரியாவில் அம்மோனியம் அயனி கிடையாது, அதனால் கலக்கும்போது நெடி வராது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிலத்தில் விழுந்ததும் மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை நீராற்பகுத்து அம்மோனியம் கார்பனேட் ஆக்குகிறது. (1926-இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தது இந்த நொதியைத்தான். நொதி என்பது புரதம் என்று நிலைநாட்டிய வேலை அது, 1946-இல் நோபல் பரிசும் கிடைத்தது.) கார்பனேட் காரத்தன்மை உள்ளது. அதனால் ஒவ்வொரு யூரியா மணியைச் சுற்றியும் சில நாட்களுக்கு பிஎச் 9 அளவுக்கு ஏறிவிடும். அமில மண்ணில்கூட இது நடக்கும். மேலே சுண்ணாம்பும் கிடந்தால் இழப்பு இன்னும் கூடும். நெடி தெரியாத இழப்பு என்பதால் இதை நான் இன்னும் மோசமானது என்பேன். அதனால் யூரியாவையும் சுண்ணாம்போடு கலக்க வேண்டாம். மரச்சாம்பலும் அப்படியே, அதில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது.

இப்போது பயிரைக் காப்பாற்ற வேண்டும். போன பத்தரை கிலோவுக்கு ஈடாக 23 கிலோ யூரியா போதும். அதை மேலே தூவாதீர்கள். செடி வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சால் கீறி, 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, மண் மூடி, அன்றே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஒரு பங்கு தண்ணீர் அறை வெப்பத்தில் தன் பருமனைப்போல 700 மடங்கு அம்மோனியாவைக் கரைக்கும். ஈரமான மண்ணின் அடியில் உருவாகும் அம்மோனியா மேலே வருவதற்குள் கரைந்து, அம்மோனியமாகி, களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். வேருக்கு மிக நெருக்கமாக வைத்தால் அதே அம்மோனியா வேரைக் கருக்கும், அதனால்தான் ஒரு சாண் இடைவெளி.

இங்கே அம்மோனியம் சல்பேட்டை விட்டு யூரியாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மண்ணில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை ஆக்சிஜனேற்றும்போது ஒவ்வோர் அயனிக்கும் இரண்டு புரோட்டான்கள் மண்ணில் சேரும். யூரியா உடையும்போது அதில் பாதியளவு புரோட்டான்களை முன்கூட்டியே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஒரே அளவு தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட் தரும் அமிலம் யூரியாவைப்போல் இரு மடங்கு. வருடக்கணக்காக அதையே இட்டு வந்திருந்தால் உங்கள் 5.2-க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண் எரிச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மோனியா கண்ணின் ஈரத்தில் கரைந்து காரமாகிறது, காரம் திசுவுக்குள் ஆழமாக இறங்கும். பட்டவுடன் ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடவே கூடாது. இப்போதும் எரிச்சலோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

சுண்ணாம்பை அறுவடைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அடுத்த விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தூவி, உழுது மண்ணோடு கலந்துவிடுங்கள். அடியுரமாக டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுவதானாலும் அதே இடைவெளி வேண்டும், ஏனென்றால் அதிலும் அம்மோனியம்தான் இருக்கிறது. எந்த உரத்தில் சந்தேகம் வந்தாலும் மகளிடம் கொடுங்கள்: ஒரு சிட்டிகை உரம், ஒரு சிட்டிகை நீற்றுச் சுண்ணாம்பு, இரண்டு சொட்டு தண்ணீர், மேலே படாமல் பிடித்த ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள். தாள் நீலமானால் அந்த உரத்தைச் சுண்ணாம்பின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். யூரியா மட்டும் இந்தச் சோதனையில் உடனே பிடிபடாது, அதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.