பூனை மீமுக்கு நான் எழுதும் கேப்ஷனைப் படித்து யாருமே சிரிப்பதில்லை, எங்கே தப்பு?

நீங்கள் கேள்வியோடு போட்டிருந்த படம்: அட்டைப்பெட்டிக்குள் ஒரு கொழுத்த பூனை, முகத்தில் வீட்டுக்காரர் களை. கீழே நீங்கள் எழுதியது: "பெட்டிக்குள் பூனை! ஹாஹா!" இதற்குக் கடைசியில் வருகிறேன்.

நானும் ரொம்ப நாள் இதே தப்பைத்தான் செய்தேன். படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே எழுத்திலும் இன்னொரு தரம் சொன்னால் படிக்கிறவருக்கு வேலையே இல்லை. மதில் மேல் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு "மதில்மேல் பூனை" என்று எழுதுவதும் இதே ரகம்தான், எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அது, எழுதாமல் விடுவது நல்லது.

எங்கள் வீட்டுப் பூனை ஒருநாள் மேஜையிலிருந்து டம்ளரைத் தள்ளிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர், டம்ளர் நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடக்கிறது, இவர் மேஜை விளிம்பில் நான்கு காலையும் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடனே போனை எடுத்து ஒரு படம். முதலில் எழுதினேன்: "அய்யய்யோ, டம்ளர் விழுந்துடுச்சு!" உப்பு சப்பில்லை. அப்புறம் "நான் இல்லை" என்று மாற்றினேன், பரவாயில்லை, ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது, இது பயந்த முகம் இல்லை, வக்கீலிடம் பேசிவிட்டு வந்த முகம். "சம்பவம் நடந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறேன்." இதற்குத்தான் சிரித்தார்கள். கண் முழுசாகத் திறந்திருக்கும் படத்தில் இந்த வரி வருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பூனை எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். 2007-இல் தொடங்கிய 'ஐ கேன் ஹேஸ் சீஸ்பர்கர்' என்ற பூனை மீம் தளம் பிரபலமானதற்கு அந்தப் பூனைகள் பேசிய உடைந்த ஆங்கிலமும் ஒரு காரணம். அதைப் பார்த்துவிட்டு நாமும் "எனக்கு பால் வேணும்மா" என்று மழலையில் எழுதுகிறோம். குட்டிப் பூனைக்குச் சரி. வளர்ந்த பூனையின் மூஞ்சியைப் பாருங்கள், அதில் மழலை எங்கே இருக்கிறது? தமிழில் இதற்கு இன்னும் நல்ல ஆயுதம் இருக்கிறது: அலுவலகக் கடிதத் தமிழ். "காலை ஐந்து மணிக்குத் தட்டு காலியாக இருந்தது குறித்து உரிய விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." படுக்கையில் உங்கள் மார்பின்மேல் ஏறி நின்று குனிந்து பார்க்கும் பூனைக்கு இதை எழுதிப் பாருங்கள். இன்னொன்று, பூனை உங்களை "நீ" என்று கூப்பிட வேண்டுமா, "நீங்கள்" என்றா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பெரும்பாலும் "நீ" தான் போடுவேன், பூனை யாருக்கும் மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. கோபம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் "நீங்கள்".

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதும் நமக்கு வசதி. "உன்னைப் பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி" வரைக்கும் வாசகர் ஒரு பக்கம் போகிறார், கடைசியில் "ஏற்படவில்லை" என்று வந்து உட்கார்கிறது. அந்தச் சொல்லை மட்டும் அடுத்த வரிக்குத் தள்ளுங்கள். எப்போதும் சிடுசிடுவென்று தெரியும் முகத்தால் இணையத்தில் பிரபலமான 'க்ரம்பி கேட்' என்ற பூனையின் படங்களில் ஓடிய வரியிலும் இதே திருப்பம்தான்: "ஒருமுறை ஜாலியாக இருந்து பார்த்தேன். சகிக்கவில்லை." அந்தப் பூனை கோபக்காரியே இல்லை, கீழ்த்தாடை அமைப்பும் பிறவிக் குள்ளத்தன்மையும் சேர்ந்து முகத்தை அப்படிக் காட்டின. 2012-இல் படம் பரவியது, 2019-இல் இறந்துபோனது.

பூனை உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் வரி தானாக வரும். சாக்ஸை மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, ஏதோ கெட்ட செய்தி கேட்டமாதிரி அப்படியே உறைந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது அருவருப்பு இல்லை, மேல்வாயில் இருக்கும் இன்னொரு மோப்ப உறுப்புக்கு வாசனையை அனுப்புகிறது, ஆற அமர ஆராய்கிறது. அது தெரிந்தபிறகு நான் எழுதியது: "மூன்று நாள். பொய் சொல்லாதே."

தெரியாமல் எழுதினால் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். காது இரண்டும் தலையோடு ஒட்டி, கண்மணி விரிந்திருந்த ஒரு பூனைக்கு நான் "பார்ட்டிக்கு ரெடி" என்று எழுதிப் போட்டேன். பூனை வளர்க்கும் ஒருவர் கீழே வந்து, அது பயத்தில் ஒடுங்கியிருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். படத்தை நீக்கிவிட்டேன், வேறென்ன செய்வது.

நீளம் விஷயத்தில் கறாராக இருங்கள். 2019-இல் ஓடிய, கத்தும் பெண்ணும் சாப்பாட்டு மேஜைப் பூனையும் சேர்ந்த மீம் ஞாபகம் இருக்கும், இரண்டும் சம்பந்தமே இல்லாத படங்கள். கத்துகிறவர் எவ்வளவு நீளமாகக் கத்தினாலும் பூனையின் பதில் இரண்டு மூன்று சொல்லைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அது பூனையாக இருக்காது. எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை: ஆங்கில மீம்களில் வரும் அந்தத் தடித்த 'இம்பேக்ட்' எழுத்துருவில் தமிழ் கிடையாது, நல்ல தடிமனான தமிழ் எழுத்துரு ஒன்றைப் பிடித்து, வெள்ளை எழுத்துக்குக் கருப்பு ஓரம் கொடுங்கள். நம் சொற்கள் நீளம், செயலி அதுவாகவே சொல்லை நடுவில் உடைத்து "கேட்டுக்கொள்ளப்" ஒரு வரியிலும் "படுகிறீர்கள்" அடுத்ததிலும் போட்டுவிடும், போடுவதற்கு முன் ஒருமுறை சிறிய திரையில் பார்த்துவிடுங்கள்.

படத்தில் வரி சேர்க்கும் ஆசை ஒன்றும் புதிதில்லை. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஹாரி பாயிண்டர் என்ற புகைப்படக்காரர் 1870-களிலேயே பூனைகளை விதவிதமாக உட்காரவைத்துப் படமெடுத்து, வாழ்த்து வரிகளும் சேர்த்துக் கார்டுகளாக விற்றிருக்கிறார்.

சரி, உங்கள் பெட்டிப் பூனை. அந்த ஹாஹாவை முதலில் எடுங்கள். பிறகு, பெட்டி எதற்காக வந்தது என்று பூனை நினைத்துக்கொண்டிருக்கும் என்று யோசியுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "பெட்டி வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. உள்ளே ஏதோ குப்பை இருந்தது, எடுத்து வெளியே போட்டுவிட்டேன்."